கடைக்கா, கடைவீதிக்கா? உள்ளூர் அறப்பணிகளும் வணிக ஆதாயமும்



இந்தச் சொற்பொழிவு ஒரு வணிகர் வங்கியில் போட்டுவைத்த வைப்புத் தொகையின் வட்டியில் நடக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, வெளியே காத்திருக்கும் தேநீர், எனக்குப் போர்த்திய பொன்னாடை எல்லாம் அந்த வட்டிதான். அப்படியிருக்க, இங்கே நின்றுகொண்டு 'கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்பது கொஞ்சம் நன்றிகெட்ட வேலை. என்ன செய்ய, தணிக்கை என் தொழில். ஒரு ரூபாய் வெளியே போயிருந்தால் அது எந்தத் தலைப்பில் போனது, என்னவாகத் திரும்பி வந்தது என்று பார்த்தே பழகிவிட்டது.

தருமத்தில் ஆதாயம் பார்க்கக் கூடாது என்று வணிகர்கள் சொல்வார்கள். இதெல்லாம் ஒரு விளம்பரத்துக்குத்தான் சார் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டையும் சொல்பவர் ஒரே ஆள். முதலாவதை மேடையில் சொல்வார். இரண்டாவதை என் அலுவலகத்தில் சொல்வார். இந்த இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளூர் அறப்பணிக்குக் கொடுக்கிற வணிகத்துக்கு ஆதாயம் உண்டு, அதைப் பார்ப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆதாயம் கொடுத்த கடையின் கல்லாப்பெட்டியைத் தேடி வருவதில்லை. அந்தக் கடை இருக்கிற கடைவீதிக்கு வருகிறது. எதிர்க்கடைக்காரருக்கும் சேர்த்தே வருகிறது. இதைப் புரிந்துகொண்ட வணிகர்கள் தங்கள் கொடையை ஒரு விதமாக அமைத்தார்கள். புரியாதவர்கள் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சான்றுகள்.

விருதுநகரில் தொடங்குகிறேன். 1923 வரை அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். பருத்தி, மிளகாய் வத்தல், எண்ணெய், பருப்பு என்று சுற்று வட்டாரத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய ஊர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் குடியேறி வணிகம் செய்த நாடார்கள், வாங்கி விற்கும் சரக்கின்மேல் மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு எடுத்துவைத்தார்கள். அதுதான் மகமை. கடைக்காரர் மனம் இளகும்போது கொடுத்த காசல்ல அது. சரக்கு கைமாறினாலே மகமை வந்துவிடும். அந்த ஆண்டு லாபமா நட்டமா என்ற கேள்வியே இல்லை. பணத்தை நிர்வகித்தது உறவின்முறை என்ற சாதிச் சங்கம்.

அந்தப் பணம் எங்கே போயிற்று? முதலில் பேட்டைக்குப் போயிற்று. வண்டியும் மாடும் சரக்குமாக வழியில் தங்கும் வணிகனுக்கு மதில் சூழ்ந்த ஓர் இடம் வேண்டும். இரவில் சரக்குக்குக் காவல், மாட்டுக்குத் தண்ணீர், மறுநாள் விற்க இடம். அதைத் தனி ஆள் கட்ட முடியாது. கட்டினாலும் தனக்கு மட்டும் என்று பூட்டிவைக்க முடியாது. பிறகு கிணறு, கோயில், பள்ளிக்கூடம். அன்று அவர்களுக்குப் பல கோயில்களின் வாசல் மூடியிருந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1899இல் சிவகாசியில் அவர்கள்மேல் கொள்ளைத் தாக்குதல். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கதவு மூடிய ஊரில் கடை நடத்தியவர்களுக்கு மகமை என்பது புண்ணியக் கணக்கு மட்டுமாக இருந்திருக்க முடியாது. காப்பீடு, காவல், வழக்குச் செலவு எல்லாம் அதற்குள் இருந்தன.

பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியாலும் வளர்ந்தது என்பது ஊரறிந்த செய்தி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள்; அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். அந்த வணிகர்களுக்குப் பள்ளி எதற்கு? கடைக்குப் பேரேடு எழுத ஆள் வேண்டும். வெளியூருக்குக் கடிதம் எழுத, ரயில்வே ரசீதைப் படிக்க, வட்டி போட ஆள் வேண்டும். ஒரு மண்டிக்காரர் தன் காசில் பத்துப் பையன்களைப் படிக்கவைத்தால், படித்து முடித்ததும் அவர்கள் அடுத்த மண்டியில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போய்விடுவார்கள். அவரைப் பார்த்து அடுத்தவர் பாடம் படித்துக்கொள்வார்: நாம் ஏன் செலவழிக்க வேண்டும், படித்தவன் தானாக வருவான். இப்படி எல்லோரும் நினைத்தால் ஊரில் பள்ளியே இருக்காது. எல்லாக் கடையும் மூட்டைக் கணக்கில் மகமை கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. படித்த பையன் எந்த மண்டிக்குப் போனால் என்ன, அந்த மண்டியும் காசு கொடுத்திருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் படிப்பைப் பாதியில் விட்டுத் துணிக்கடைக்குப் போனான். பிறகு அங்கேயும் இருக்கவில்லை. 1954இல் அவர் இந்த மாநிலத்தின் முதலமைச்சர். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. பிடி அரிசியில் நடந்த பள்ளியின் பேரேட்டில் காமராசரை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? தணிக்கையாளனாக எனக்கு விடை தெரியவில்லை.

மகமைக்கு இன்னொரு பலனும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறவர், தன் கடையில் எத்தனை மூட்டை கைமாறியது என்பதைத் தன்னையறியாமல் ஊருக்குச் சொல்லிவிடுகிறார். மகமைக் கணக்கைப் பார்ப்பவருக்கு யார் கடையில் வியாபாரம் ஓடுகிறது, யார் கடையில் படுத்துவிட்டது என்பது தெரியும். கடன் கொடுக்க இதைவிட நல்ல தகவல் வேறென்ன? இன்று வங்கி மேலாளர் ஜிஎஸ்டி படிவங்களைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அன்று உறவின்முறைப் பொறுப்பாளரான முறைகாரர் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துகொண்டிருப்பார். பொதுப் பணத்தை வாங்கவும் வைக்கவும் கணக்குக் காட்டவும் பழகிய அதே சமூகம் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று.

மகமையைப் பாடிவிட்டு அதன் மறுபக்கத்தை மறைத்தால் அது பாதிக் கணக்கு. அது ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அநேகமாக யாருக்கும் இருக்கவில்லை. உறவின்முறையே வசூலிக்கும், அதுவே வழக்கும் தீர்க்கும், அதுவே தள்ளியும் வைக்கும். அந்தக் கட்டாயம் இன்று செல்லாது, செல்லவும் கூடாது. ஆனால் அந்தக் கட்டாயம் தீர்த்துவைத்த சிக்கல் இன்னும் தீராமல் நம் முன்னே நிற்கிறது.

மகமை ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று. உப்பு வணிகத்துக்குப் பழனிப் பக்கம் போன நகரத்தார் பழனி முருகனுக்கென்று லாபத்தில் பங்கு ஒதுக்கினார்கள். வடக்கே பில்லிலேயே 'தர்மாதா' என்று ஒரு வரி எழுதி, விலையோடு சேர்த்து வாங்கினார்கள். உத்தரப் பிரதேசத்தில் பிஜிலி காட்டன் மில்ஸ் என்ற ஆலை அப்படி வாங்கிய பணத்தை, இது உன் வருமானம்தானே, வரி கட்டு என்றது வருமான வரித் துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979இல் வந்த தீர்ப்பு, அந்தப் பணம் தொடக்கத்திலிருந்தே அறத்துக்கென்று குறிக்கப்பட்டது, ஆலையின் கை வழியாகப் போனதாலேயே அது ஆலையின் வருமானம் ஆகிவிடாது என்றது. வணிகவியல் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை வரிச் சலுகைக்காகப் படிப்பார்கள். அதில் ஒரு பழைய மனப்பாங்குக்குச் சட்டத்தின் முத்திரை விழுந்திருப்பதையும் பார்க்கலாம்: கல்லாவில் இருக்கும் எல்லாப் பணமும் கடைக்காரருடையது ஆகாது.

இனி கோயம்புத்தூர். 1926இல் பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் பிறந்தது. அவர்கள் அந்தப் பணத்தில் ஒரு சத்திரம் கட்டி அன்னம் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளியோடு சேர்த்து ஒரு தொழிற்கூடத்தையும் நடத்தினார்கள். அங்கே இயந்திரம் செய்தார்கள். செய்துகொண்டே பையன்களுக்குக் கடைசலும் பிட்டர் வேலையும் வார்ப்படமும் கற்றுக்கொடுத்தார்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை மாடுகளின் இடத்துக்குப் பம்பு வரத் தொடங்கியது, மில்கள் பெருகின. அப்போது ஊரில் கைவேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். பம்பு, மோட்டார், நூற்பு இயந்திர உதிரிப் பாகம் என்று கோவை ஒரு பட்டறை நகரமானதற்குக் காரணம் பல. மண் காரணம், பருத்தி காரணம், மின்சாரம் காரணம். கையில் தொழில் உள்ள ஆள் உள்ளூரிலேயே கிடைத்தான் என்பதும் ஒரு காரணம். அந்தக் குடும்பத்துக்கும் மில் இருந்தது. அவர்களுக்கும் பலன் வந்திருக்கும். ஆனால் பயிற்சி பெற்றவன் பீளமேட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று யாரும் கட்டிப்போடவில்லை. போட்டியாளர் பட்டறைக்குப் போனான், சிலர் சொந்தப் பட்டறை போட்டார்கள். இதைக் கசிவு என்று எழுதினால் அந்த அறக்கட்டளைக்கு நட்டம். ஊருக்கு வந்த முதலீடு என்று எழுதினால் கோவையே அதன் வரவு.

பயிற்சிக்குச் செலவழித்தவருக்கே பலன் வர வேண்டுமா என்ற இதே கேள்வியை அதே காலத்தில் ஓர் ஆங்கிலேய நீதிமன்றமும் பார்த்தது. பங்குதாரர் பணத்தில் இயக்குநர்கள் தாராளம் காட்டக் கூடாது, நிறுவனத்துக்கு நன்மை இருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்று 1883லேயே அங்கே ஒரு தீர்ப்பு. பிரன்னர் மாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம் பல்கலைக்கழகங்களின் அறிவியல் கல்விக்கு ஒரு லட்சம் பவுண்டு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பங்குதாரர் வழக்குப் போட்டார். படித்து வருகிற வேதியியலாளன் இந்த நிறுவனத்துக்குத்தான் வருவான் என்று என்ன உறுதி என்பது வாதம். 1921இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் பெருகினால்தான் இப்படிப்பட்ட தொழில் நடக்கும், அதுவே நிறுவனத்துக்குப் போதிய நன்மை என்பது தீர்ப்பின் சாரம். நம் மண்டிக்காரர் சட்டப் புத்தகம் படிக்காமலேயே வந்து சேர்ந்த இடம் அது.

நம் ஊர்த் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை, அன்றைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். ஆலையைச் சுற்றி வாழும் மக்களுக்குக் குடிநீர் கொண்டுவரவும், அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு உதவவும் செலவு செய்தது. இது வியாபாரச் செலவா, தானமா? தானம் என்றது வரித் துறை. சென்னை உயர் நீதிமன்றம் அது வியாபாரச் செலவே என்றது. நல்ல அண்டைவீட்டுக்காரர் என்று பெயர் எடுக்காமல், வட்டாரத்தின் நல்லெண்ணம் இல்லாமல் ஒரு நிறுவனம் நடக்க முடியாது, வியாபாரம் என்ற கருத்தே காலத்தோடு விரிகிறது என்ற வழியில் போகிறது அந்தத் தீர்ப்பு. மணலியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராட்சதக் குழாய்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே குடித்தனம் இருக்கும் மக்கள் அவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது தானம் என்றால், ஆலைக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதும் தானம்தான்.

பிறகு 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது அதன் 135ஆம் பிரிவு. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த முன்னுரிமை வழிகாட்டல்தான், கட்டாயம் இல்லை என்று அமைச்சகமே பின்னால் விளக்கம் கொடுத்து அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. 2014இல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, இந்தச் செலவை வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது என்றும் ஆக்கினார்கள். கழிவு கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கை அரசே சுமப்பதாக ஆகும் என்பது சொன்ன காரணம். 2021 விதிகள் இன்னும் ஒரு படி போய், பொருளுக்கோ சேவைக்கோ சந்தை ஆதாயம் தேடிக் கொடுக்கும் விளம்பர உபயம் சமூகப் பொறுப்பாகாது என்றன.

இந்தக் கடைசி விதியை நான் வரவேற்கிறேன். மாரத்தான் பனியனில் பெயர் போடுவது விளம்பரம். அதை விளம்பரம் என்றே எழுதுங்கள். என் வருத்தம் வேறு. கம்பெனிகள் கூட்டாகச் செய்ய விதியில் இடம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த அளவில், பள்ளிக் கழிப்பறைச் சுவரில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற இடத்தில் கூட்டு முறிந்துவிடுகிறது. ஆளுக்கொரு கழிப்பறை. அதற்குத் தண்ணீர்க் குழாய் போட ஆளில்லை. பராமரிப்புக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லையே!

கூட்டாகச் செய்ததற்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. 2003இல் கோவைத் தொழில் நிறுவனங்களும் நகர மக்களும் சேர்ந்து தொடங்கிய சிறுதுளி, நொய்யல் ஆற்றுப் பாசனக் குளங்களைத் தூர் வாரும் வேலையை எடுத்துக்கொண்டது. குளம் நிறைந்தால் நிலத்தடி நீர் ஏறும். அது நன்கொடை கொடுத்த ஆலையின் ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் ஏறுமா? கொடுக்காதவர் கிணற்றிலும் ஏறும். தண்ணீருக்கு ரசீது பார்க்கத் தெரியாது.

அதே நொய்யலில் கீழே போனால் திருப்பூர். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளின் நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஊரே பல மாதம் தடுமாறியது. திருப்பூர்க்காரர்கள் கஞ்சர்கள் இல்லை. பள்ளிக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அள்ளிக் கொடுத்த ஊர் அது. ஆனால் அந்தக் கொடை எதுவும் ஆற்றுக்கு ஈடாக நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தொழில் கெடுத்ததைத் தொழிலின் செலவில் சரிசெய்வது கடன். அறம் கடனுக்கு மேலே தொடங்க வேண்டிய கணக்கு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதுகிற ஐந்தொகையில் நான் கையெழுத்துப் போடத் தயங்குவேன்.

இந்த அரங்கில் இருக்கும் வணிகர்களில் 135ஆம் பிரிவுக்குள் வருகிறவர் அநேகமாக யாரும் இல்லை. மளிகை, ஜவுளி, இரும்பு, மருந்து, உணவகம். உங்களுக்கு 2 சதவீதம் வேண்டாம். ரசீதுப் புத்தகமே போதும். காலையில் கடை திறந்ததும் திருவிழா ரசீது, பிறகு கபடிப் போட்டி, பிறகு ஒரு கட்சி, மதியம் ஓர் ஆதரவற்றோர் இல்லம். நூறோ ஐந்நூறோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்கிறீர்கள். வருடம் முழுக்கக் கூட்டினால் நல்ல தொகைதான். ஆனால் வந்து கேட்டவரின் செல்வாக்குக்குத் தக்கபடி சிதறிப்போன தொகை. செல்வாக்கு இல்லாத சிறப்புக் குழந்தைகள் பள்ளியும், அரசு மருத்துவமனையில் துணைக்கு இருப்பவருக்குச் சோறு போடும் நாலு பேர் குழுவும் உங்கள் கடைக்கு வருவதே இல்லை. வந்தாலும் கல்லா வரை வரக் கூசுவார்கள்.

உங்களுக்கு இன்று பெரிய தலைவலி வேலையாட்கள் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறீர்கள். நிற்பதில்லை, சொல்லாமல் போய்விடுகிறார்கள். ஜவுளிக் கடையில் வேலைக்கு வரும் பெண் திருமணத்துக்குப் பிறகு ஏன் வருவதில்லை? குழந்தையை எங்கே விடுவது? ஒரு கடை குழந்தைகள் காப்பகம் நடத்தக் கட்டாது. கடைவீதியில் உள்ள நாற்பது கடை சேர்ந்து, ஏற்கெனவே ஊரில் தள்ளாடிக்கொண்டு நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் காப்பகத்தைக் கடைவீதிப் பக்கம் கொண்டுவந்து, வாடகையையும் ஓர் ஆயா சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டால் கட்டும். எந்தக் கடைப் பெண்ணின் குழந்தை அங்கே தூங்குகிறது என்று பார்க்காமல் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். எதிர்க்கடைப் பெண்ணின் குழந்தையும் தூங்கட்டும். அவள் நாளை உங்கள் கடைக்கு வேலைக்கு வரக்கூடும்.

நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். தொகை மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும். தீபாவளி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. கடையின் அளவுக்குத் தக்கபடி இரண்டு மூன்று படிநிலை போதும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக் கழிவும் கிடைக்காது. எடுத்துக்கொள்ளும் பணி இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆனால் எடுத்ததை மூன்று ஆண்டுக்காவது விடக் கூடாது. தொண்டு நிறுவனங்களைக் கொல்வது பணமில்லாமை மட்டுமன்று, அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத பணமும்தான். வரவு செலவைச் சங்கக் கட்டட வாசலில், போகிற வருகிறவர் படிக்கும் எழுத்தில் ஒட்டிவையுங்கள். அதைப் படிக்கும் வாடிக்கையாளர், இந்த வீதியில் எடை சரியாக இருக்கும் என்றும் நினைத்துக்கொள்வார்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. காலையில் சங்கச் செயலாளரே என்னிடம் கேட்டார்: நாற்பது கடையில் முப்பது கடைதான் கொடுக்கும், மீதிப் பத்தும் சும்மா அனுபவிக்குமே? அனுபவிக்கும். உறவின்முறையின் கோலை நாம் கையில் எடுக்க முடியாது. முப்பது கடைக்கு அந்தக் காப்பகம் தரும் பலன் முப்பது கடையின் செலவைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், பத்துக் கடையைப் பற்றிய பொறாமையால் உங்கள் லாபத்தை விடுவது நல்ல வியாபாரம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். இப்போது உங்கள் கேள்விகள்.